தென்னை ஏறும் கருவியும் எல்லையின் இரு பக்கமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பொள்ளாச்சிக்கு மேற்கே கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் வழியாக எல்லையைக் கடந்தால் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டம் தொடங்குகிறது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஊராட்சிகளில் தமிழ் பேசுவோர் பெருமளவில் வாழ்கிறார்கள். பல குடும்பங்களுக்குச் சோதனைச் சாவடியின் இரு பக்கமும் உறவும் உண்டு, நிலமும் உண்டு. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் தண்ணீர் வந்த பிறகு பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளில் நிலக்கடலையும் பருத்தியும் விளைந்த காடுகள் தென்னந்தோப்புகளாயின. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சித்தூர்ப் பக்கத்துக்கும் அதே திட்டத்திலிருந்து ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் போகிறது. மரம் ஒன்று, மண் ஒன்று, மொழியும் ஒன்று. ஆனால் மரத்தில் ஏறி இறங்கும் வேலை மட்டும் இரு பக்கமும் ஒரே விதமாக அமையவில்லை. கேரளத்தில் பிறந்த ஒரு தென்னை ஏறும் கருவி இந்த எல்லைப் பகுதிக்கு வந்தபோது ஓரிடத்தில் பிழைப்பாகவும் இன்னோரிடத்தில் கிட்டங்கியில் கிடக்கும் இரும்பாகவும் ஆனது ஏன் என்பதை இந்த ஆய்வு பார்க்கிறது.

கருவியும் அது வந்த வழியும்

கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த விவசாயி எம்.ஜே. ஜோசஃப் உருவாக்கியதால் அதற்குச் செம்பேரி மாடல் என்று பெயர். இடது காலுக்கு ஒன்றும் வலது காலுக்கு ஒன்றுமாக இரண்டு தனித்தனிப் பகுதிகள் அதில் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஓர் இரும்புச் சட்டம், பாதம் வைக்கும் மிதி, கையால் தூக்கும் பிடி, மரத்தைச் சுற்றி மாட்டும் எஃகு வடம் ஆகியவை இருக்கும். ஏறுபவர் தன் எடையை ஒரு மிதியில் வைக்கும்போது அப்பகுதியின் வடம் மரத்தை இறுக்கிக்கொள்ளும். எடையை எடுத்தால் பிடி தளரும். தளர்ந்த பகுதியைக் கையாலும் காலாலும் மேலே தூக்கி, எடையை அதற்கு மாற்றி, பிறகு அடுத்த பகுதியை நகர்த்த வேண்டும். இந்த அசைவை ஆரோக்கியமான எவரும் சில மணி நேரத்தில் பழகிக்கொள்ள முடியும்.

கேரளத்தில் பரம்பரை மரமேறிகளின் பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வராமல் போனபோது, 1981இல் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட தென்னை வளர்ச்சி வாரியம் இக்கருவியைக் கையில் எடுத்தது. 2011இல் ‘தென்னை மர நண்பர்கள்’ என்ற பயிற்சித் திட்டத்தை அது தொடங்கியது. ஆறு நாள் பயிற்சி, ஆளுக்கொரு கருவி, விபத்துக் காப்பீடு ஆகியவை அதில் அடக்கம். பெண்களும் சேர்ந்தார்கள். பரம்பரையாகச் சில சமூகங்களுக்கே உரியது என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒரு வேலையின் கதவை ஒரு கருவி இப்படித் திறந்துவிட்டது சிறிய சாதனை அல்ல. பின்வரும் குறைகளை அந்தச் சாதனையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

தொழில்நுட்பம் இடம் பெயர்வதைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தொழில்வள நாட்டில் வடிவமைத்த எந்திரம் வளரும் நாட்டில் வந்து இறங்குவதைப் பற்றியவை. பிரெஞ்சு நாட்டு மருத்துவரும், வேலையை ஆளுக்கு ஏற்றதாக்குவதை ஆராயும் பணிச்சூழலியல் துறையின் அறிஞருமான ஆலன் விஸ்னர் 1970கள், 80களில் இதற்கெனவே ஒரு தனித்துறையை வளர்த்தெடுத்தார். எந்திரம் முழுதாக வந்து சேர்ந்தாலும் அதைச் சுற்றியிருந்த பழுதுபார்ப்பு, உதிரிப் பாகங்கள், பயிற்சி, கூலி முறை, தட்பவெப்பம் ஆகியவை கூடவே வருவதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். இங்கே கருவி பிறந்தது பாரிசிலோ ஒசாகாவிலோ அல்ல, அதே கேரளத்தின் இன்னொரு மாவட்டத்தில், ஒரு விவசாயியின் கையில். அப்படி இருந்தும் அதே சிக்கல் எழுகிறது என்பதுதான் இந்த நிகழ்வின் தனித்தன்மை. தூரம் குறைந்தாலும் வேலையின் அமைப்பு மாறினால் அதுவும் பரிமாற்றமே.

உடலுக்குக் கிடைத்த நன்மை

தளைக்கயிற்றைக் காலில் மாட்டி ஏறும் பழைய முறையில், ஏறுபவரின் எடை மாறி மாறிக் கைகளின் அணைப்பிலும் பாதங்களின் பிடிப்பிலும் தங்குகிறது. மார்பு, முன்கையின் உட்புறம், தொடை, பாதத்தின் மேல்பகுதி ஆகியவை மரத்தில் உரசிக் காய்த்துப்போகும். 60 அடி மரத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் நிற்பதற்கு இடமில்லை. நிற்பதே ஓர் உழைப்பு, ஏனெனில் அப்போதும் தசைகள் இறுகியபடியேதான் இருக்க வேண்டும். தசையை அசைக்காமல் இறுக்கி வைத்திருக்கும் இத்தகைய நிலைச்சுமைதான் உடலை விரைவில் சோர்வடையச் செய்கிறது.

கருவி இந்த இடத்தில் உண்மையாகவே உதவுகிறது. இரண்டு மிதிகளிலும் நின்றபடி எந்த உயரத்திலும் ஓய்வெடுக்கலாம். ஏறும் உழைப்பு தோளிலிருந்தும் முன்கையிலிருந்தும் தொடைத் தசைக்கு மாறுகிறது. தொடைத் தசை பெரியது, அந்த உழைப்புக்கு ஏற்றது. புதிதாக ஏறுபவரின் அச்சத்தைக் குறைப்பதும் இந்த நிற்கும் வசதிதான். ஏறுதல் என்ற ஒரு செயலை மட்டும் தனியே எடுத்து மதிப்பிட்டால் கருவி தேர்ச்சி பெறும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் மரமேறியின் வேலை ஏறுதல் அல்ல.

வேலை எது?

காய் வெட்டுபவரின் ஒரு நாளைக் கவனித்தால், ஏறுவதும் இறங்குவதும் அதில் ஒரு பங்குதான். மரத்துக்கு மரம் நடக்க வேண்டும். மேலே போன பிறகு எந்தக் குலை முற்றியது என்று பார்க்க வேண்டும். முற்றாததை வெட்டினால் தோட்டக்காரர் பேசுவார், முற்றியதை விட்டுவிட்டால் அடுத்த வெட்டு வரும் வரை, அதாவது 45 நாளோ இரண்டு மாதமோ கழியும் முன், அது தானாக விழுந்து யார் தலையையாவது பதம் பார்க்கும். காய்ந்த மட்டையையும் பாளையையும் இழுத்துப் போட்டு, மண்டையை, அதாவது மட்டைகள் விரியும் மர உச்சியை, சுத்தம் செய்ய வேண்டும். காண்டாமிருக வண்டின் துளையோ சிவப்புக் கூன்வண்டின் அறிகுறியோ தெரிந்தால் கீழே வந்து சொல்ல வேண்டும். இளநீர் வெட்டு என்றால் குலையைக் கீழே போட முடியாது; கயிறு கட்டி இறக்க வேண்டும். அனுபவமுள்ள மரமேறி மண்டைக்குள்ளேயே ஏறி, மட்டைகளின் அடிப்பகுதியில் கால் ஊன்றி, மரத்தை ஒரு சுற்று வந்து இவற்றையெல்லாம் செய்துவிடுவார்.

கருவியில் ஏறியவர் மரத்தின் ஒரு பக்கத்தில் நிற்கிறார். மிதிகள் எந்தத் திசையை நோக்கி மாட்டப்பட்டனவோ அந்தத் திசையில்தான் அவர் உடல் இருக்கும். எதிர்ப்பக்கக் குலைக்கு அரிவாளை நீட்ட வேண்டுமானால் இடுப்பைத் திருப்பி, ஒரு கையை முழுதாக நீட்டி, எடையை ஒரு காலுக்குச் சாய்த்து வெட்ட வேண்டும். முறுக்கியபடி எட்டிப் பிடிப்பது முதுகுக்கு ஒவ்வாத நிலைகளில் ஒன்று. அதை 50 அடி உயரத்தில் செய்யச் சொல்கிறோம். கருவியை விட்டு மண்டைக்குள் ஏறினால் எட்டும். ஆனால் அப்போது கருவி கொடுத்த பாதுகாப்பு கைவிட்டுப் போகிறது. ஏறும் பாதையைப் பாதுகாப்பாக்கிய வடிவமைப்பு, வேலை நடக்கும் இடத்தைத் தொடவில்லை.

மரமும் ஒரே அளவில் இருப்பதில்லை. அடிப்பகுதி பருத்தும் மேலே போகப் போகச் சிறுத்தும் இருக்கும். அடியில் சரியாக மாட்டிய வடம் மேலே தொளதொளப்பாகி மிதி கீழ்நோக்கிச் சாய்ந்துவிடும்; கணுக்கால் அந்தச் சாய்வைத் தாங்க வேண்டும் அல்லது நடுவழியில் வடத்தைச் சரிசெய்ய வேண்டும். வளைந்த மரம், மழையில் நனைந்து பாசி பிடித்த மரம், மிளகுக்கொடி படர்ந்த மரம் ஆகியவற்றில் ஒவ்வொரு சிரமம். மிளகுக்கொடியைப் பழைய மரமேறி ஒதுக்கிக்கொண்டு ஏறுவார். மரத்தைச் சுற்றி வளைக்கும் வடத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

கூலி முறையில் மாட்டிய கருவி

இரு பக்கத்து வேறுபாடு தெளிவாகும் இடம் இது. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு பெரியது. மரங்கள் வரிசையில் நிற்கும். காயை வாங்கும் வியாபாரியே வெட்டும் ஆட்களையும், பொறுக்கும் ஆட்களையும், பாரையில் உரிக்கும் ஆட்களையும், லாரியையும் ஒரு குழுவாகக் கொண்டுவருவார். கூலி மரக்கணக்கிலோ காய்க்கணக்கிலோ இருக்கும். எட்டும் மரங்களில் ஏறுவதே இல்லை. நீளமான தொரட்டியால் கீழே நின்றபடி அறுப்பார்கள். எட்டாத மரத்தில் தளை போட்டு ஏறுவார்கள். இந்தக் குழுவில் ஒருவர் செம்பேரிக் கருவியோடு வந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு மரத்தடியிலும் இரண்டு பகுதிகளையும் மாட்ட வேண்டும். இறங்கியதும் கழற்ற வேண்டும். கழற்றியதைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் வரப்பு தாண்டி அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். ஏறும் வேகமும் குறைவு. அவருக்குக் கூலி குறைவதோடு பொறுக்குபவரும் உரிப்பவரும் கைகட்டி நிற்பார்கள், லாரி தாமதமாகும். அக்குழுவில் அவர் அதிக நாள் நீடிக்க முடியாது. கருவியைப் புறக்கணித்த மரமேறிகளைப் பழமைவாதிகள் என்று பயிற்சி நடத்துவோர் சிலர் குறை சொல்வதுண்டு. அது நியாயமற்ற பேச்சு. தங்கள் கணக்கை அவர்கள் சரியாகவே போட்டிருக்கிறார்கள்.

மேற்கே பாலக்காட்டு நகரத்துக்கும் அதற்கு அப்பாலும் போனால் வீட்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து தென்னைகள் உள்ள வளவுகள் தொடங்குகின்றன. அங்கே வீட்டுக்காரரின் பிரச்சினை மரமேறி மெதுவாக ஏறுகிறார் என்பது அல்ல, மரமேறியே வருவதில்லை என்பதுதான். காய் தானாக உதிரும் வரை காத்திருக்கும் வீடுகள் அவை. அந்த இடத்தில் கருவியை ஒப்பிட வேண்டியது வேகமான மரமேறியோடு அல்ல, ஆளில்லாத மரத்தோடு. ஒரு மரத்துக்குச் சில நிமிடம் கூடுதலாக ஆவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. மரத்துக்கான கூலியும் தோப்புக் கூலியைவிடக் கூடுதல். கருவியை இரு சக்கர வாகனத்தில் கட்டிக்கொண்டு, அலைபேசியில் அழைக்கும் வீடுகளுக்குப் போய் வருபவர்களுக்கு இது நிலையான வருமானமாகிறது. சித்தூர் வட்டத்துத் தமிழ் இளைஞர்களுக்கு மேற்கே போனால் இக்கருவி பயன்படுகிறது. கிழக்கே உறவினர் தோப்புக்கு வேலைக்குப் போனால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகத் தோன்றும். ஒரே ஆள், ஒரே கருவி, ஒரே உடல். மாறுவது கூலியும் குழுவும் மட்டுமே.

பணிச்சூழலியல் சோதனைகள் இதை ஏன் தவறவிடுகின்றன என்பதற்கு விடை கடினமானதல்ல. ஒரு மரம், ஓர் ஆள், ஏறும் நேரம், இதயத் துடிப்பு என்று அளக்கிறோம். அளக்க எளிதானது அது. நாற்பது மரங்கள் கொண்ட ஒரு காலைப் பொழுதை, மாட்டிக் கழற்றும் நேரத்தோடும் சுமந்து நடக்கும் தூரத்தோடும் கூலியோடும் சேர்த்து அளந்திருந்தால், கருவி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பது விநியோகத்துக்கு முன்பே தெரிந்திருக்கும்.

கள் இறக்குபவரின் தீர்வு

இதே சித்தூரில் இன்னொரு மரமேறியும் இருக்கிறார். கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போவது இந்த வட்டத்திலிருந்துதான். கள் இறக்குபவர் காலையும் மாலையும் அதே மரத்தில், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஏறுகிறார். அவருக்குச் செம்பேரிக் கருவி தேவைப்படவில்லை. அவர் மரத்தையே மாற்றிவிட்டார். உரித்த தேங்காய் மட்டைகளை மரத்தில் அடுக்கடுக்காகக் கயிற்றால் கட்டிப் படியாக்கிக்கொண்டார். செலவு மிகக் குறைவு, அழுகினால் மாற்றிக்கொள்ளலாம், மரத்துக்குக் காயமில்லை. இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது, ஏனெனில் சில ஊர்களில் படி வெட்டும் வழக்கம் இருந்தது. தென்னை ஒருவித்திலைத் தாவரம். அதன் தண்டில் ஏற்படும் வெட்டு ஆறி மூடுவதில்லை, கூன்வண்டுக்கும் வழி திறந்துவிடும்.

மட்டைப்படி ஏன் கள் மரத்தில் மட்டும் இருக்கிறது? ஒரு மரத்துக்குப் படி கட்டும் உழைப்பு, தினம் இரு முறை ஏறுபவருக்குச் சில நாளில் ஈடாகிவிடும். 45 நாளுக்கு ஒரு முறை வருபவருக்கு ஒருபோதும் ஈடாகாது. அந்த வேலைக்குச் சட்டப் பின்புலமும் உண்டு: கேரளத்தில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கள் தொழிலாளர்களுக்கு நல நிதி இருக்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால், சாவடியைத் தாண்டியதும் படி கட்டிய மரங்கள் மறைந்துவிடுகின்றன. பிற்பாடு இங்கே நீராவுக்கு, அதாவது புளிக்காத தென்னம்பாளைச் சாற்றுக்கு, அனுமதி கிடைத்தபோது, அதற்கு ஏறுபவர்களுக்கும் ஏறும் கருவியைப் பற்றியே பேசினார்கள். நீராவும் தினம் ஏறும் வேலைதான். சில கல் தொலைவில் நடப்பில் இருந்த மட்டைப்படியைப் பார்த்து வந்திருந்தாலே போதும். அடுத்த ஊரில் ஏற்கெனவே கையாளப்படும் தீர்வைப் பரிமாறத்தக்க தொழில்நுட்பமாகக் கருதாத பழக்கம் நம் விரிவாக்கத் துறைகளில் ஆழமாக இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகையும் இல்லை, மானியமும் இல்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

யார் உடலுக்கான அளவு?

போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனத்தைத் தலைமையாகக் கொண்ட அகில இந்தியத் திட்டம் ஒன்று, வேளாண் தொழிலாளர்களின் உடல் அளவுகளையும் தசைவலிமையையும் பல மாநிலங்களில் அளந்து தொகுத்திருக்கிறது. அந்தத் தொகுப்பில் ஆண்களின் சராசரி உயரம் சுமார் 163 செ.மீ., பெண்களுடையது சுமார் 151 செ.மீ. இந்தப் பன்னிரண்டு செ.மீ. வேறுபாட்டை, மிதிக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள நீளம் மாறாத ஒரு கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். குட்டையானவர் ஒவ்வொரு அடிக்கும் கையை மேலே தூக்கியபடி இழுக்க வேண்டியிருக்கும். தோளுக்கு மேல் கை உயர்ந்து வேலை செய்வது விரைவில் சோர்வைத் தரும். பயிற்சியில் பெண்களைச் சேர்த்த திட்டம், அளவை மாற்றிய கருவியையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். பட்டறையில் ஒரு துளையும் ஒரு போல்ட்டும் கூடுதலாக வைத்து நீளத்தை மாற்றும்படி செய்வது பெரிய வேலை அல்ல.

கோவையில் உருவான உட்கார்ந்து ஏறும் வகையில் கைக்கு ஓய்வு கூடுதல், அச்சமும் குறைவு. ஆனால் எடை கூடுதல், மாட்டும் நேரமும் கூடுதல். இருக்கையில் அமர்ந்தவருக்கு மண்டை இன்னும் எட்டாமல் போகிறது. வீட்டுக்காரர் தன் நான்கு மரங்களில் தானே ஏறிக்கொள்ள அது நல்ல கருவி. தொழிலாக ஏறுபவருக்கு அல்ல.

விழுதல்

தொடக்க கால மாடலில் மிதியிலிருந்து கால் வழுவினால் பிடிப்பதற்கு வேறெதுவும் இல்லை. காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பின்னர் இதற்குப் பாதுகாப்பு இணைப்பைச் சேர்த்தது. மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்து படுக்கையில் கிடப்போர் கேரளத்திலும் கொங்குப் பகுதியிலும் அரிதல்லர் என்பதால் இந்தச் சேர்க்கை இன்றியமையாதது. ஆனால் மரக்கணக்கில் கூலி வாங்குபவர் ஒவ்வொரு மரத்திலும் வாரை மாட்டிக் கழற்றுவாரா என்பது மறுபடியும் கூலிக் கணக்கில்தான் போய் முடிகிறது. பாதுகாப்பு வாருக்கு ஆகும் நிமிடத்தை யார் கூலியில் ஏற்றுவது என்பதை முடிவு செய்யாமல், வார் அணியாதவரைக் கண்டிப்பதில் பயனில்லை. காப்பீடும் அப்படித்தான்: பயிற்சி பெற்றுப் பதிவு செய்தவருக்கு அது எளிதில் கிடைக்கிறது, பரம்பரையாக ஏறும் பொள்ளாச்சி மரமேறி, அதிக ஆபத்தில் இருந்தும், எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் இருந்துவிட முடிகிறது.

அடுத்து வருபவை

அமிர்த விஷ்வ வித்யாபீடத்து ஆய்வாளர்கள் ‘அமரன்’ என்ற மரமேறும் ரோபோவை உருவாக்கியுள்ளனர். வளைய வடிவச் சட்டம் சக்கரங்களால் மரத்தில் ஏறும். கீழே நிற்பவர் இயக்க, அதன் கை குலையை வெட்டும். விழும் ஆபத்தை அடியோடு நீக்குவதால் இம்முயற்சி வரவேற்கத்தக்கது. ஆயினும் வளையத்தை ஒவ்வொரு மரத்திலும் பூட்டிக் கழற்ற வேண்டும் என்பதால், செம்பேரிக் கருவி மாட்டிக்கொண்ட அதே கணக்கு இதற்கும் காத்திருக்கிறது. பெரிய தோப்புக்கு இதைக் கொண்டுவரும் முன், ஒரு மரத்தில் வெற்றி காட்டும் செயல்விளக்கத்தோடு நிற்காமல், ஒரு வெட்டுக் குழுவோடு ஒரு முழு நாள் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

வேறொரு வழி கருவியை விட்டுவிட்டு மரத்தின் உயரத்தையே குறைப்பது. சாவக்காடு ஆரஞ்சு குட்டை போன்ற குட்டை இனங்களும், குட்டை–நெட்டை ஒட்டு இனங்களும் மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கி, பல ஆண்டுகள் தரையில் நின்றபடியே வெட்டும் உயரத்தில் இருக்கும். வேலையை ஆளுக்கு ஏற்றதாக்குவதே பணிச்சூழலியல் என்றால், அதன் மிகக் கச்சிதமான வடிவம் இதுதான். தடை கொப்பரையில் இருக்கிறது: குட்டை இனத்தின் பருப்பு நல்ல கொப்பரை தராது என்பதால் காங்கேயம் வரை நீளும் கொப்பரைக் களங்கள் அதை விரும்புவதில்லை. இளநீருக்கு அந்தத் தடை இல்லை. 2016இல் பொள்ளாச்சியில் முதன்முதலாகக் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈயும், கேரளத்திலிருந்து கிழக்கே பரவிய வேர்வாடல் நோயும் ஆனைமலைப் பக்கத்தில் ஏராளமான மரங்களை வெட்ட வைத்துள்ளன, மறுநடவு நடந்துவருகிறது. ஆழியாறு நகரில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இதே பகுதியில் இருப்பதால், கன்று வாங்குவோருக்குக் கொடுக்கும் தகவலில் நோய் தாங்கும் திறன், காய் எண்ணிக்கை, கொப்பரை எடை ஆகியவற்றோடு, பத்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் அந்த இனம் எட்டும் உயரத்தையும் ஒரு வரியாகச் சேர்த்து அச்சிடச் சொல்லலாம். இப்போது நடும் மரத்தை வெட்டப்போகும் ஆள் யார், என்ன கூலிக்கு என்று தோட்டக்காரர் நடும்போதே கணக்கிட அந்த ஒரு வரி போதும்.